குறைந்த எடை திரும்பும்போது

தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் சேலத்துக்கோ கோவைக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டும். போகும்போது குடும்பமே கூடப் போகும். முதல் வருடம் முழுக்க ஊர் அவர்களை வியந்து பார்க்கும். பழைய ரவிக்கைகள் எல்லாம் தொளதொளவென்று ஆகும். சுகர் மாத்திரை பாதியாகும். மூன்றாம், நான்காம் வருடத்தில் எடை கொஞ்சம் ஏறியதும் அதே ஊரின் பேச்சு மாறிவிடும். "அத்தனை பணம் செலவு பண்ணியும் திரும்ப வெயிட் போட்டுட்டாங்க பாருங்க." சந்தையிலும் கல்யாண வீட்டிலும் காதில் விழும் இந்த வார்த்தைக்குப் பயந்தே பலர் டாக்டரிடம் போவதை நிறுத்திவிடுகிறார்கள். ஏறிய கிலோக்களைவிட இப்படி நின்றுபோவதுதான் எனக்குப் பெரிய கவலை.

எடை ஓரளவு திரும்பும் என்பது மருத்துவம் பல வருடங்களாக அறிந்த விஷயம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களை 12 வருடம் தொடர்ந்து கவனித்து, 2017-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். இரண்டாம் வருட முடிவில் அவர்கள் சராசரியாக 45 கிலோ குறைந்திருந்தார்கள். ஆறாம் வருடத்தில் அது 36 கிலோ ஆனது. பன்னிரண்டாம் வருடத்திலும் 35 கிலோ குறைவு அப்படியே இருந்தது. ஆக, ஒன்பது, பத்து கிலோ திரும்பியிருக்கிறது. 35 கிலோ திரும்பவே இல்லை. ஊர் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பத்து கிலோதான். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய நீண்ட ஆய்விலும் இதே போக்குதான்: பைபாஸ் செய்தவர்கள் முதலில் உடல் எடையில் 32 சதவீதம் குறைந்தார்கள், பத்து வருடம் கழித்து அந்தக் குறைவு 25 சதவீதத்தில் நின்றது.

சராசரி என்றால் அதற்கு இரண்டு பக்கமும் ஆட்கள் இருப்பார்கள். ஏறாதவர்களும் உண்டு, பாதிக்கு மேல் ஏறியவர்களும் உண்டு. கால்பந்து வீரர் டியாகோ மரடோனா 2005-ல் கொலம்பியாவில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டு ஆளே மாறிப்போனார். சில வருடங்களில் எடை திரும்பியது. 2015-ல் வெனிசுலாவில் இன்னொரு ஆபரேஷன் செய்துகொண்டார். பணத்துக்கும் டாக்டர்களுக்கும் குறைவில்லாத, உடம்பை வைத்தே உலகப் புகழ் பெற்ற ஒரு மனிதருக்கே இது நடந்திருக்கிறது. வீட்டு வேலை, காட்டு வேலை, பிள்ளைகள், மாமியார் மருந்து என்று ஓடும் ஒரு பெண்ணைப் பார்த்து "உனக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை" என்று சொல்வது அநியாயம்.

ஏன் திரும்புகிறது? இன்னொரு வகையான ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும். அதனால்தான் முதல் மாதங்களில் பசியே தெரிவதில்லை. நாள்பட நாள்பட மிச்சமிருக்கும் பை கொஞ்சம் விரியும், பசியும் எட்டிப் பார்க்கும். இன்னொரு பக்கம், எடை குறைந்த உடம்பு முன்பைவிடக் குறைவாகவே எரிக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். அவர்கள் உணவாலும் உடற்பயிற்சியாலும் குறைத்தவர்கள். ஆபரேஷன் செய்தவர்கள் இல்லை. அவர்களின் உடம்பு ஓய்வில் எரிக்கும் அளவு, இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. இழந்த எடையை மீட்க உடம்பு இப்படிப் பிடிவாதமாக வேலை செய்துகொண்டே இருக்கும்.

இங்கே நம் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். தருமபுரி மாவட்டம் கேழ்வரகு பூமி. 2023-ல் நீலகிரியிலும் இங்கேயும்தான் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் முதலில் வந்தது. கேழ்வரகு தின்றால் எடை ஏறாது என்ற நம்பிக்கையும் இங்கே ஆழமாக இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 320 கலோரி. அரிசியோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான் குறைவு. சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் அதன் உண்மையான பெருமை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புரதம் ஏழு கிராம்தான். ஆபரேஷன் ஆனவருக்கு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள்.

களியை நாம் மெல்வதில்லை, குழம்பில் தோய்த்து விழுங்குகிறோம். சிறுத்துப்போன இரைப்பைக்கு அது ஆகாது; சிறு கவளமாக எடுத்து மென்றுதான் தின்ன வேண்டும். கூழ் இன்னொரு வகைச் சிக்கல். அது பையில் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வே வராது, ஒரு மணி நேரத்தில் மறுபடியும் கை எதையாவது தேடும். சர்க்கரை போட்ட டீ, அதில் நனைத்த பிஸ்கட், வாயில் கரையும் மிக்சர் எல்லாம் இதே வழிதான். ஒரு வேளைக்கு அதிகம் தின்ன முடியாதவர்கூட நாள் முழுக்கக் கொறித்தே எடை ஏற முடியும். கொள்ளு இங்கேயே விளைகிறது; நூறு கிராமில் 22 கிராம் அளவுக்குப் புரதம். அவரைக்கொட்டை, மொச்சை, முட்டை, மீன் இருக்கின்றன. தட்டில் முதலில் பருப்போ முட்டையோ, அப்புறம் காய், கடைசியில் களி என்று வரிசையை மாற்றினாலே பசி அடங்கும் விதம் மாறும்.

சாப்பாட்டுக்கு வெளியிலும் காரணங்கள் உண்டு. இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் எடையை ஏற்றும். தைராய்டு குறைந்தாலும் ஏறும். பைபாஸ் ஆனவர்களுக்கு மது சீக்கிரமாக ரத்தத்தில் ஏறும், குடிப்பழக்கம் பிடிக்கும் ஆபத்தும் கூடும். ஆண்களிடம் இதைக் கேட்கவே வீட்டில் தயங்குகிறார்கள். 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்த டிர்செபடைட், எடைக் குறைப்புக்கான செமாகுளுடைட் ஊசிகளை, எடை திரும்பியவர்களுக்கும் டாக்டர்கள் யோசிக்கிறார்கள். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை மறுபடி ஏறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டிய மருந்துகள் இவை. தேவைப்பட்டால் ஸ்லீவை பைபாஸாக மாற்றுகிறார்கள். அது முதல் ஆபரேஷனைவிடக் கடினமானது.

வெட்கப்பட்டு டாக்டரிடம் போகாமல் இருப்பவருக்கு எடை மட்டுமா கைவிட்டுப் போகிறது? பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றை ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டும். நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டு, அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் கேட்டுப் பெற்ற மாவட்டம் இது. எலும்பு விஷயத்தில் இங்குள்ளவர்கள் அசட்டையாக இருக்கவே கூடாது.

சுகரையும் பிரஷரையும் வீட்டுக்கே வந்து பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம், 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதற்காக வீட்டுக்கு வருகிற பணியாளரிடம் ஆபரேஷன் ஆனதைச் சொல்லிவைக்கலாம். ஆபரேஷன் செய்த ஊருக்குப் போக முடியாதவர்கள் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்காவது போக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி கட்டாயம் கையில் இருக்கட்டும், ஸ்லீவா பைபாஸா என்பது அதில்தான் இருக்கும். எந்த வருடம் செய்தது, அதிகபட்சம் எத்தனை கிலோ வரை குறைந்தது, இப்போது எத்தனை, எந்தெந்த மாத்திரை ஓடுகிறது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஐந்து கிலோ ஏறும்போதே போங்கள், இருபது ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள்.