பெயரே முதல்: பெப்பே மாமாவின் ஒயின் சொல்லும் வணிகப் பாடம்

வியாபாரத்தில் கைமுதல் போனால் கடன் வாங்கியாவது மறுபடியும் போட்டுவிடலாம். பெயர் போனால் எந்த வங்கியும் கடன் தராது. இது நம் பெரியவர்கள் கல்லாப் பெட்டி அருகே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த பாடம். இதே பாடத்தைக் கடல் கடந்த ஓர் ஊர் லாபமும் நஷ்டமும் பட்டுக் கற்றிருக்கிறது. அந்த ஊரின் சரக்கு வெள்ளை ஒயின். மதுவுக்குப் பரிந்துரை செய்வது நம் நோக்கமன்று. ஒரு சரக்கின் பெயர் எப்படி உருவாகிறது, எப்படிக் கைநழுவுகிறது என்பதை வணிகக் கண்ணோடு பார்ப்பதே நோக்கம்.

மாமன் பெயரில் ஒரு சரக்கு

ஸ்பெயினின் தென்கோடியில், அட்லாண்டிக் கடலுக்கு அருகில் இருக்கிறது ஹெரெஸ் நகரம். 1835-ல் மனுவேல் மரியா கோன்சாலஸ் என்ற 23 வயது இளைஞர் அங்கே ஒயின் ஏற்றுமதி தொடங்கினார். வியாபார ஆசை இருந்ததே தவிர ஒயினைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. துணைக்கு வந்தவர் தாய்மாமன் ஹோசே. ஹோசே என்ற பெயரை வீட்டில் செல்லமாகப் பெப்பே என்று அழைப்பார்கள்.

அந்நாளில் இங்கிலாந்துக்காரர்கள் விரும்பியது கருத்த, இனிப்பான ஒயின். மாமனுக்குப் பிடித்ததோ வெளிறிய நிறமுள்ள, இனிப்பே இல்லாத ஃபினோ என்ற வகை. தனக்கும் நண்பர்களுக்குமாகச் சில பீப்பாய்களை ஒரு சிறு அறையில் ஒதுக்கி வைத்திருந்தார். மருமகன் அவற்றின்மேல் ‘டியோ பெப்பே’ என்று எழுதி வைத்தார். ‘பெப்பே மாமா’ என்பதே அதன் பொருள். ‘விலை போகாது’ என்று கருதப்பட்ட அந்தச் சரக்கே பின்னாளில் நிறுவனத்தின் முகமாயிற்று. லண்டன் முகவராக இருந்த ராபர்ட் பிளேக் பையாஸ் 1855-ல் கூட்டாளியானார். நிறுவனம் கோன்சாலஸ் பையாஸ் ஆயிற்று. 1988-ல் பையாஸ் குடும்பத்தார் விலகிக் கொண்ட பிறகும் பெயர்ப்பலகையிலிருந்து அவர்கள் பெயரை நீக்கவில்லை.

ஆண்டுதோறும் ஒரே சுவை

அவ்வூர்த் திராட்சைத் தோட்டங்களின் மண் சுண்ணாம்பு கலந்த வெள்ளை மண். அறுவடை முடிந்ததும் கொடி வரிசைகளுக்கு இடையே சிறு பாத்திகள் வெட்டி, குளிர்கால மழை வழிந்தோடாமல் தேக்குகிறார்கள். அந்த ஈரத்தை மண் பிடித்து வைத்துக்கொண்டு, மழையில்லாக் கோடையில் கொடிக்குத் தருகிறது. அங்கே விளையும் பாலோமினோ என்ற வெள்ளைத் திராட்சைதான் இந்த ஒயினுக்கு மூலப்பொருள்.

கிடங்கில் 600 லிட்டர் பீப்பாயில் 500 லிட்டர் மட்டுமே நிரப்புகிறார்கள். மீதி இடம் காற்றுக்கு. ஒயினின் மேற்பரப்பில் ஈஸ்ட் ஆடைபோலப் படர்கிறது. அது காற்றுப் பட்டு ஒயின் கருக்காமல் காக்கிறது. வெப்பம் ஏறினால் அந்த ஆடை அழிந்துவிடும். ஆகவே உயர்ந்த கூரை, தடித்த சுவர், ஜன்னலுக்குப் புல்பாய், மணல் தரையில் தண்ணீர் தெளிப்பு என்று கிடங்கையே ஒரு மண்பானை போலக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறார்கள்.

பழைய அரிசியோடு புது அரிசியைக் கலந்து கொடுத்தால் நம் வாடிக்கையாளர் சும்மா விடமாட்டார். ஹெரெஸில் கலப்பதுதான் முறை! ‘சோலேரா’ என்ற அந்த முறையில் பீப்பாய்கள் வயதுவாரியாக வகுக்கப்பட்டிருக்கும். மிகப் பழைய பீப்பாயிலிருந்து ஒரு பகுதியை மட்டும் விற்பனைக்கு எடுப்பார்கள். குறைந்த அளவை அடுத்த வயதுப் பீப்பாயிலிருந்து நிரப்புவார்கள். இப்படியே கடைசிப் பீப்பாயில் புது ஒயின் சேரும். எந்தப் பீப்பாயும் முழுதாகக் காலியாவதில்லை. நேற்றைய தயிரை இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். விளைச்சல் முன்னே பின்னே இருந்தாலும் சுவை மாறுவதில்லை. வாடிக்கையாளருக்கு வேண்டியதும் அதுதானே?

வாய்மூடி இருந்ததற்கு விலை

அரபியர் ஆட்சியில் அவ்வூர் ஷெரிஷ் எனப்பட்டது. அதை ஆங்கிலேயர் ஷெர்ரி என்றார்கள். ஊர்ப்பெயரே சரக்கின் பெயராயிற்று. பெயர் நன்றாக விற்கிறது என்றதும் பிற நாட்டாரும் எடுத்துக்கொண்டார்கள். இறக்குமதி செய்த திராட்சைச் சாற்றிலிருந்து இங்கிலாந்தில் தயாரித்த ஒயின்கூட ‘பிரிட்டிஷ் ஷெர்ரி’ என்று விற்பனைக்கு வந்தது.

விஷயம் லண்டன் உயர்நீதிமன்றம் வரை போயிற்று. 1967-ல் தீர்ப்பு வந்தது. ‘ஷெர்ரி’ என்ற தனிச்சொல் ஹெரெஸ் சரக்குக்கே உரியது. ஆனால் ‘பிரிட்டிஷ் ஷெர்ரி’ போன்ற பெயர்கள் நெடுங்காலம் புழங்கியும் ஸ்பெயின் வணிகர்கள் தடுக்கவில்லை. ஆகவே அவை தொடரலாம் என்றது நீதிமன்றம். உரிமை இருந்தும் உரிய காலத்தில் கேட்காததால் பாதி வெற்றிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பெயர் முழுமையாகக் கைக்கு வந்தது 1996-ல்தான்.

இதற்கிடையே உள்ளூரிலேயே வேறொரு வினை. 1970-களில் விலையைக் குறைத்து அளவைக் கூட்டும் போட்டி மூண்டது. இறக்குமதியாளர்கள் மொத்தமாக வாங்கித் தங்கள் லேபிளில் மலிவாக விற்றார்கள். ஷெர்ரி என்றால் மலிவுச் சரக்கு என்ற எண்ணம் ஏற்பட்டது. பிறகு விற்பனையும் சரிந்தது. பல தோட்டங்களில் கொடிகளையே பிடுங்கினார்கள். பிறர் திருடிய பெயரை நீதிமன்றம் மீட்டுத் தரும். நாமே மலிவாக்கிய பெயரை யார் மீட்டுத் தருவார்?

அந்தச் சரிவிலும் பெப்பே மாமா நின்றார். சிவப்புத் தொப்பியும் சட்டையும் அணிந்து, கிதாருடன் நிற்கும் பாட்டில்தான் அதன் விளம்பரச் சின்னம். மாட்ரிட் நகரின் புகழ்பெற்ற புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்தில் ஒரு கட்டடத்தின் உச்சியில் அது இருந்தது. 2011-ல் இறக்கப்பட்டபோது, மீண்டும் வேண்டும் என்று மக்களே குரல் கொடுத்தார்கள். 2014-ல் அதே சதுக்கத்தில் வேறொரு கட்டடத்தின்மேல் ஏறியது. விளம்பரப் பலகைக்காக ஊர் வாதாடியது என்றால், பெயர் சம்பாதித்தது அவ்வளவு!

நம் நாட்டிலும் 1999-ல் புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கோவில்பட்டி கடலைமிட்டாயும் அந்தக் குறியீட்டைப் பெற்றுள்ளன. அவை நம் கடை அலமாரியில் இருக்கும் சரக்குகள். வேறெங்கோ செய்ததை அந்தப் பெயரில் பத்து ரூபாய் குறைவாகக் கொண்டுவந்து நீட்டும்போது, வாங்கி அடுக்குகிறோமா, திருப்பி அனுப்புகிறோமா? சட்டம் பிறகு வரும். முதல் காவல் நம் கல்லாவில்தான்.