ட்ரெக்கிங் கியர்: எதை வாங்கணும், எதை வாடகைக்கு எடுக்கணும்?

போன மாசம் ஒரு தம்பி தன்னோட ஷாப்பிங் கார்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தார். அக்டோபர்ல எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போறார். கார்ட்ல மொத்தம் 62,000 ரூபாய். கைக்கு வர்ற சம்பளம் 42,000. "அண்ணா, 9 மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு, போட்டுடலாமா?"ன்னு கேட்டார்.

மாசம் கிட்டத்தட்ட 6,900 ரூபாய், அதாவது சம்பளத்துல ஆறுல ஒரு பங்கு. ட்ரெக் 14 நாள்ல முடிஞ்சிடும், இஎம்ஐ அடுத்த ஜூன் வரைக்கும் ஓடும். அதோட, நோ காஸ்ட்னு பேர் இருந்தாலும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டியும், பல கார்டுகள்ல ப்ராசஸிங் ஃபீஸும் உண்டு. அதனால கார்ட்டை ஒவ்வொரு பொருளா பிரிச்சுப் பார்த்தோம். அந்தக் கணக்குதான் இந்தப் பதிவு.

முதல்ல எடைக்கு பட்ஜெட்

பணத்துக்கு பட்ஜெட் போடுற மாதிரி எடைக்கும் போடணும். முதுகுல தூக்குற பை, உடம்பு எடையில 15 முதல் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுங்கறது பொதுவான கணக்கு. 65 கிலோ இருக்கறவர் 15 சதவீதம்னு வெச்சா, தண்ணியோட சேர்த்து சுமார் 10 கிலோ. 2 லிட்டர் தண்ணியே 2 கிலோ. லுக்லா போற சின்ன விமானத்துலயும் பொதுவா கைப்பையோட சேர்த்து 15 கிலோதான் அனுமதி. போர்ட்டர் வெச்சுக்கலாம், ஆனா அந்த எடையையும் ஒரு மனுஷன் முதுகுதான் சுமக்குது.

என் முதல் ட்ரெக்ல நான் 17 கிலோ தூக்கினேன். மூணு ஜீன்ஸ், பெரிய கேமரா, ரெண்டு லென்ஸ். பாதிப் பொருள் பைக்கு வெளியவே வரல. கிளம்புறதுக்கு முதல் நாள் சரியான அளவுல புது ஷூ வாங்கியிருந்தேன். இறக்கத்துல கால் விரல் முன்னாடி போய் இடிச்சு இடிச்சு ரெண்டு நகம் கறுத்துப் போச்சு. பணமும் போச்சு, மலையை ரசிக்கவும் முடியல.

எதிர் உதாரணம் ஒண்ணு சொல்றேன். அமெரிக்காவோட அப்பலாச்சியன் ட்ரெயில் 3,000 கிலோமீட்டருக்கு மேல நீளம். 1955ல எம்மா கேட்வுட்னு 67 வயசுப் பாட்டி அதைத் தனியா நடந்து முடிச்சாங்க. காலுக்கு கேன்வாஸ் ஷூ, தோள்ல தானே தைச்ச துணிப்பை, மழைக்கு பாத்ரூம்ல தொங்கவிடுற பிளாஸ்டிக் திரை. 5,364 மீட்டர் உயர பேஸ் கேம்ப்புக்கு நாம அப்படிப் போக முடியாது, அங்க குளிர் வேற. ஆனா விலை உயர்ந்த பை நமக்காக நடக்காதுங்கறதுக்கு அவங்களே சாட்சி.

வாங்கலாமா, வாடகையா?

ஃபார்முலா சிம்பிள். வாங்குற விலையில மறுவிற்பனை விலையைக் கழிங்க. மீதியை ஒரு நாள் வாடகையால வகுங்க. வர்ற விடை, நீங்க அதை எத்தனை நாள் பயன்படுத்தினா வாங்கினது லாபம்ங்கறது.

டவுன் ஜாக்கெட் 14,000. பிற்பாடு 5,000க்கு வித்தா நிகரச் செலவு 9,000. வாடகை நாளுக்கு 100னு வெச்சுக்கிட்டா 90 நாள் போடணும். 14 நாள் ட்ரெக்னா ஆறு தடவைக்கு மேல. சென்னையில அந்த ஜாக்கெட் பீரோவுலதான் தூங்கும். ஸ்லீப்பிங் பேக், பெரிய பேக்பேக், ட்ரெக்கிங் போல் எல்லாத்துக்கும் இதே கதைதான். காத்மாண்டு தமேல் பகுதியில இதெல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். வழியில டீ ஹவுஸ்ல தங்குறதால டென்ட் தேவையே இல்ல.

வாடகைக்கு எடுக்கும்போது ஜிப் முழுசா ஓடுதான்னு பாருங்க. ஸ்லீப்பிங் பேக் லேபிள்ல 'கம்ஃபர்ட்' வெப்பநிலையைப் படிங்க. 'எக்ஸ்ட்ரீம்'னு பெருசா போட்டிருக்கறது உயிர் தாங்குற அளவு, தூக்கம் வர்ற அளவு கிடையாது. டவுன் நனைஞ்சா சூடு தராது, அதனால பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க.

கண்டிப்பா சொந்தமா வாங்க வேண்டியது

ஷூ: வேற ஒருத்தர் கால் பழக்கின ஷூ உங்க காலுக்கு ஆகாது. சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, ட்ரெக்கிங் சாக்ஸ் போட்டுப் பாருங்க. முன்னாடி விரலுக்கு இடம் இருக்கணும். ஒரு மாசம் முன்னாடியே வாங்கி ஆபீஸ் படிக்கட்டு, பர்வதமலைன்னு போட்டுப் பழகுங்க.

தெர்மல், ஃப்ளீஸ், சாக்ஸ்: உள்ள ஒரு அடுக்கு வேர்வையை வெளிய தள்ளணும், நடு அடுக்கு சூட்டைப் பிடிக்கணும், வெளி அடுக்கு காத்தையும் மழையையும் தடுக்கணும். காட்டன் வேண்டாம். வேர்வையைக் குடிச்சுட்டு காயாது, நின்ன உடனே குளிர் உள்ள இறங்கும்.

ரெயின் ஜாக்கெட்: இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. நம்ம ஊர் மழையில பைக்ல போகவும் ஆகும்.

சின்ன பொருட்கள்: ஹெட்லாம்ப், தண்ணி சுத்திகரிக்கிற மாத்திரை, பவர் பேங்க். மேல போகப் போக பாட்டில் தண்ணி விலை ஏறிக்கிட்டே போகும், மாத்திரைக்கு ஆகற செலவு ரொம்பக் குறைவு. பவர் பேங்க் விமானத்துல கைப்பையிலதான் போகணும். குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும், ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வெச்சுக்கோங்க.

தம்பியோட புது கணக்கு

ஷூ 9,000, துணி 5,000, ரெயின் ஜாக்கெட் 6,000, சின்ன பொருட்கள் 3,000. ஆக 23,000. ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக், பேக்பேக் வாடகை தலா 1,400, போல் 500. ஆக 4,700. மொத்தம் 27,700. மிச்சம் 34,300 ரூபாய். மூணு மாசம் சேர்த்தா போதும், இஎம்ஐயே வேண்டாம்.

"அப்ப மிச்சத்தை எஸ்ஐபில போடவா அண்ணா?"ன்னு கேட்டார். முதல்ல டிராவல் இன்ஷூரன்ஸ் எடுங்கன்னு சொன்னேன். ஆபீஸ்ல குடுக்குற மெடிக்கல் கார்டு பெரும்பாலும் இந்தியாவுக்குள்ளதான் செல்லும். சாதாரண டிராவல் பாலிசியில உயர மலை ட்ரெக்கிங் விலக்கு பட்டியல்ல இருக்கலாம். 6,000 மீட்டர் வரைக்கும் கவர் இருக்கா, ஹெலிகாப்டர் மீட்பு இருக்கான்னு பாலிசி வாசகத்தையே படிங்க. உயர நோய் வந்தா உடனே கீழ இறங்கறதுதான் முக்கிய சிகிச்சை. நடக்க முடியலைன்னா ஹெலிகாப்டர்தான், அதுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும்.

அடுத்து, ரெண்டு நாள் கூடுதல் லீவும் அதுக்கான சாப்பாடு, தங்குற செலவும். லுக்லா விமானம் மேகம் வந்தா ரத்தாகும். உடம்பு முடியலைன்னா ஒரு நாள் நின்னு ஓய்வெடுக்கணும். கையில நாளும் காசும் இல்லாதவங்கதான் தலைவலியோடயே மேல ஏறிடறாங்க. அந்த ரெண்டு நாளும் உங்க எமர்ஜென்சி ஃபண்ட்னு நினைச்சுக்கோங்க.

இந்த வார இறுதியில உங்க லிஸ்ட்டை எழுதி, ஒவ்வொரு பொருளுக்கு எதிரேயும் மூணு காலம் போடுங்க: விலை, எடை, அடுத்த மூணு வருஷத்துல எத்தனை நாள் பயன்படும். எதை வெட்டணும்னு அந்தப் பேப்பரே சொல்லிடும். சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க. பத்திரமா போயிட்டு வாங்க!