வைஸ் சிட்டியை ஓட வைக்கும் வித்தை

மதுரையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மேலூரையும் கருங்காலக்குடியையும் கடந்தபின் வருகின்ற கொட்டாம்பட்டியிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும், மூடியில் முதலமைச்சரின் படம் பொறித்த மடிக்கணினி ஒன்று பீரோவின் மேலோ பரணிலோ பையோடு கிடக்கின்ற வீடுகளை இன்றும் காணலாம். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணாவின் பிறந்த நாளன்று, தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலமாக, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்த பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்த இயந்திரங்கள் இவை. அவர்களுள் பலருடைய வீட்டில் அதற்கு முன் கணினி என்ற ஒரு வஸ்து நுழைந்ததே இல்லை. பிள்ளைகள் அதில் பாடம் படித்தார்கள், படம் பார்த்தார்கள், தமிழில் தட்டெழுதப் பழகினார்கள். இவற்றோடு, அதுவரை பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடிய வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் என்ற கணினி ஆட்டங்களையும் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து விளையாடினார்கள்.

வைஸ் சிட்டி கணினிக்கு வந்தது 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில். 800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் மூன்று, 128 எம்.பி. ராம், 32 எம்.பி. கொண்ட கிராபிக்ஸ் கார்டு ஆகிய இவ்வளவே போதும் என்று அதன் அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். அரசாங்கம் கொடுத்த முதல் வரிசை மடிக்கணினிகளில் 2 ஜி.பி. ராமும் 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. கணக்கின்படி பார்த்தால் ஆட்டம் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். பிரத்தியட்சத்திலோ, அது சில சமயம் நின்று நின்று நகர்ந்தது, படம் அகலவாட்டில் இழுபட்டு மனிதரெல்லாம் குட்டையாய்த் தெரிந்தார்கள், மௌஸ் திடீரென்று செத்துப் போயிற்று. இதைவிடப் பன்மடங்கு சக்தியுள்ள இன்றைய கணினிகளிலும் இதே சங்கடங்கள் தோன்றுகின்றன என்பதைக் கேட்டால், குற்றம் இயந்திரத்தின் பலத்தில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்பது விளங்கும்.

அது இருக்குமிடம் பாஷையில். ஒரு கணினி ஆட்டம் கிராபிக்ஸ் கார்டோடு நேரே பேசுவதில்லை. 'இங்கே ஒரு தென்னை மரத்தை வரை, அதன்மேல் இந்த வெயிலைப் பூசு' என்ற கட்டளைகளை அது ஒரு பொதுப் பாஷையில் சொல்ல, விண்டோஸும் டிரைவரும் அதைக் கேட்டுக் கார்டிடம் சேர்ப்பிக்கின்றன. 1995-இல் டைரக்ட்எக்ஸ் என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பாஷையை வகுத்தது. அது சில ஆண்டுகளுக்கொருமுறை இலக்கணம் மாறிக்கொண்டே வந்தது. வைஸ் சிட்டி பேசுவது 2000-ஆம் ஆண்டு வெளிவந்த எட்டாம் பதிப்பு. சான் ஆண்ட்ரியாஸ் பேசுவது ஒன்பதாம் பதிப்பு. இன்றைய டிரைவர்களை எழுதுகிறவர்களின் சிரத்தை பன்னிரண்டாம் பதிப்பின் மீதும், 2016-இல் வெளிவந்த வல்கன் என்ற வேறொரு பாஷையின் மீதும் இருப்பது இயற்கையே. பழைய பாஷை கைவிடப்படவில்லை என்றாலும், அதைச் செப்பனிட்டுச் சீராக வைத்திருக்கும் ஆவல் குறைந்துவிட்டது. 2022-இல் இன்டெல் கம்பெனி ஆர்க் என்ற புத்தம் புதிய கார்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஒன்பதாம் பதிப்பை அவை நேராக அறியாமல் பன்னிரண்டாம் பதிப்புக்கு மாற்றியே புரிந்துகொண்டதால், பழைய ஆட்டங்களில் அவை தடுமாறின என்பது இதற்கு நல்ல உதாரணம்.

இப்படிப்பட்ட நிலையில்தான் துபாஷி தேவைப்படுகிறான். பழைய ஆட்டம் சொல்வதைக் கேட்டு, புதிய கார்டுக்குப் புரியும் பாஷையில் உடனுக்குடன் சொல்லும் ஒரு சிறு புரோகிராம் அது. இந்த வித்தை இன்று பிறந்ததன்று. 1996-இல் 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பெனி வூடூ என்னும் கார்டை வெளியிட்டது. அதற்கென்றே கிளைட் என்ற தனிப் பாஷையில் அநேக ஆட்டங்கள் எழுதப்பட்டன. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அந்தக் கம்பெனி நொடித்துப்போய், அதன் சொத்துக்களை என்விடியா வாங்கிக்கொண்டது. அந்த ஆட்டங்கள் அநாதையாயின. அவற்றை நேசித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கிளைட் கட்டளைகளை டைரக்ட்எக்ஸாக மாற்றித் தரும் துபாஷிகளைத் தாங்களே எழுதினார்கள். அந்த மரபில் வந்த டிஜிவூடூ, கிளைடோடு டைரக்ட்எக்ஸின் பழைய பதிப்புகளையும் சேர்த்து, பதினொன்றாகவும் பன்னிரண்டாகவும் மாற்றித் தருகிறது. ஃபிலிப் ரெபோலே என்ற ஜெர்மானியர் லினக்ஸில் விண்டோஸ் ஆட்டங்கள் ஓட வேண்டும் என்ற ஆவலினால் ஆரம்பித்து 2018-இல் வெளியிட்ட டிஎக்ஸ்விகே, டைரக்ட்எக்ஸின் எட்டு முதல் பதினொன்று வரையிலான பதிப்புகளை வல்கனாக மாற்றுகிறது. முதலில் பதினொன்றாம் பதிப்பு மாத்திரமே அதற்குத் தெரிந்திருந்தது; பிறகு பத்தாம் பதிப்பையும் கற்றுக்கொண்டது. 2019 டிசம்பரில் ஒன்பதும், 2024-இல் எட்டும் வந்து சேர்ந்தன. மேலே சொன்ன ஆர்க் கார்டுகளின் தடுமாற்றத்தைக் குறைக்க, 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இன்டெல் கம்பெனியே இந்த டிஎக்ஸ்விகேயின் துணையை நாடியது. தனி மனிதர் ஒருவர் ஓய்வு நேரத்தில் ஆரம்பித்த காரியம் ஒரு பெருங்கம்பெனிக்குக் கைகொடுத்தது என்பதை எண்ணும்போது மனம் நிறைகிறது.

இந்தத் துபாஷியை ஆட்டத்துக்குள் அமர்த்தும் விதம் மிகவும் அழகானது. வைஸ் சிட்டி தொடங்கும்போது, 'டி3டி8.டிஎல்எல் என்ற கோப்பு வேண்டும்' என்று விண்டோஸைக் கேட்கிறது. விண்டோஸ் அதை முதலில் எங்கே தேடும் தெரியுமா? தன் சொந்த சிஸ்டம் ஃபோல்டரில் அன்று; ஆட்டம் இருக்கின்ற ஃபோல்டரில்தான் முதலில் தேடும். அங்கே இல்லையென்றால்தான் தன் கருவூலத்துக்குப் போகும். ஆகவே துபாஷிக்கு டி3டி8.டிஎல்எல் என்றே பெயர் சூட்டி, ஆட்டத்தின் எக்ஸ்இ கோப்புக்குப் பக்கத்தில் காப்பி செய்து வைத்துவிட்டால் போதும். ஆட்டம் அதையே அசல் என்று நம்பிக் கட்டளைகளை ஒப்படைத்துவிடும். ஆட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. வேண்டாமென்றால் அந்தக் கோப்பை எடுத்துவிடலாம். எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

துபாஷி ஒருவனோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. படம் இழுபடுவது பாஷைக் குற்றம் அன்று. நான்குக்கு மூன்று என்ற பழைய டெலிவிஷன் அளவை எண்ணி எழுதிய கணக்கு, 1366க்கு 768 என்ற அகலத் திரையில் பிசகுவதால் வருவது. அதற்கு வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ் என்ற வேறொரு நிவர்த்தி உண்டு. மௌஸ் சாவதும், இன்னும் பல சில்லறைப் பிழைகளும் ஆட்டத்தின் சொந்தக் குற்றங்கள். அவற்றுக்குப் போலந்து தேசத்தில் சைலண்ட் என்ற புனைபெயரோடு எழுதுகிறவரின் சைலண்ட்பேட்ச் உண்டு. பிளேஸ்டேஷனில் இருந்து கணினிக்கு மாற்றும்போது தொலைந்துபோன ஒளியையும் நிறத்தையும் மீட்டுத் தர ஸ்கைஜிஎஃப்எக்ஸ் உண்டு. இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு குறைக்கு ஒரு நிவர்த்தி. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டிவிட்டால் ஆட்டம் உச்சத்தில் ஓடும் என்று எண்ணுகிறவர்கள் அநேகர். அப்படிக் கொட்டியவர்களுக்குப் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் மிஞ்சுகிறது.

காரணம், இரண்டு நிவர்த்திகள் ஒரே ஸ்தானத்துக்குப் போட்டியிடுவதே. ஃபிக்ஸ்களை ஆட்டத்துக்குள் ஏற்றிவிடும் ஏஎஸ்ஐ லோடர் என்ற சிறு கோப்பும் டி3டி8.டிஎல்எல் என்ற பெயரோடு வரக்கூடும். துபாஷிக்கும் அதே பெயர்தான் வேண்டும். பின்னால் காப்பி செய்தது முன்னதை அழித்துவிடும். அநேகர் அறியாத உபாயம் என்னவென்றால், அந்த லோடர் டிசவுண்ட்.டிஎல்எல் போன்ற வேறு பெயரிலும் வேலை செய்யும். பெயரை மாற்றினால் இருவரும் சமாதானமாக இருப்பார்கள். சில சமயம் துபாஷிகளையே சங்கிலியாகவும் கோக்கலாம்: எட்டை ஒன்பதாக்கும் துபாஷி ஒருவன், ஒன்பதை வல்கனாக்கும் துபாஷி ஒருவன். டிஎக்ஸ்விகேக்கு எட்டு தெரியாதிருந்த காலத்தில் இப்படித்தான் செய்தார்கள். இப்போது அது தேவையில்லாத சுமை.

ஆனால் இந்தப் புதிய துபாஷிகள் எல்லாருக்கும் ஏற்றவர்கள் அல்லர். நெடுஞ்சாலையோரத்து லேப்டாப் சர்வீஸ் கடை ஒன்றில் காதில் விழுந்த சம்பாஷணை இது. "அண்ணே, வைஸ் சிட்டி ஓடுதுண்ணே, ஆனா பைக்குல கொஞ்சம் வேகமாப் போனா நிண்டு நிண்டு போகுது. ஏதோ டிஎக்ஸ்விகே போட்டாச் சரியாகும்னாங்க, போட்டேன், இப்ப கேமே திறக்க மாட்டேங்குது" என்றான் பையன். கடைக்காரர் மடிக்கணினியைத் திருப்பி அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றிக்கொண்டே, "அதெல்லாம் பெறகு பாப்பம்டா தம்பி. மொதல்ல இந்த ஃபேனப் பாரு" என்றார். காற்று வெளியேறும் இடைவெளியில் புழுதியும் பஞ்சும் சேர்ந்து கம்பளித் துண்டுபோல் அடைத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கடைக்காரர் சொன்னது முற்றிலும் சரி. பிராசஸர் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆட்டம் ஆரம்பத்தில் நன்றாக ஓடி, கால் மணி நேரம் கழித்துத் திணறினால் அது பெரும்பாலும் சூட்டின் வேலை. எந்த ஃபிக்ஸும் அதைத் தீர்க்காது; தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதே பரிகாரம். டிஎக்ஸ்விகே போட்டபின் ஆட்டம் திறவாததற்கும் காரணம் உண்டு. 2011-இல் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் வகைச் சில்லுக்கு வல்கன் பாஷையே தெரியாது. இன்றைய டிஎக்ஸ்விகேயோ வல்கன் 1.3-ஐக் கேட்கிறது. அவ்வகை இயந்திரத்தில் துபாஷியே வேண்டாம். பழைய பாஷை அதற்கு இன்னும் நன்றாகத் தெரியும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத அவ்வியந்திரம் படத்துக்கும் ராமையே பங்கிட்டுக்கொள்வதால், காலியாக இருக்கும் இரண்டாவது ஸ்லாட்டில் இன்னொரு ராம் துண்டைச் செருகினால், இரண்டு வழிகளில் தரவு பாய்ந்து ஆட்டம் தெளிவாக மேம்படும். மென்பொருளில் தேடி அலுத்தவர்கள் இந்த எளிய மாற்றத்தை முதலில் செய்து பார்க்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வேகத்தைப் பற்றி இன்னொரு விஷயம். சான் ஆண்ட்ரியாஸில் ஃபிரேம் லிமிட்டர் என்ற கடிவாளம் உண்டு. அது விநாடிக்கு ஏறத்தாழ 25 படங்களோடு ஆட்டத்தை நிறுத்திவிடும். அதைக் கழற்றினால் 60, 100 என்று எண் ஏறுவதைக் கண்டு பிள்ளைகள் குதூகலிக்கிறார்கள். ஆனால் அந்த ஆட்டத்தின் இயக்கக் கணக்குகளில் சில, படங்களின் எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டவை. கடிவாளம் போனதும் கதாநாயகன் தண்ணீரில் நீந்த முடியாமல் தவிக்கிறான். அந்தக் கணக்குகளைத் திருத்தும் ஃபிக்ஸைச் சேர்க்காமல் வேகத்தை மாத்திரம் கூட்டுவது ஆட்டத்தைக் கெடுப்பதேயாகும்.

பழைய ஆட்டத்தின் குற்றங்கள் எவ்வளவு காலம் மறைந்திருக்கும் என்பதற்கு ஸ்கிம்மர் என்ற நீர்விமானத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 2024-இன் பிற்பகுதியில் விண்டோஸ் 11-க்கு 24எச்2 என்ற புதுப்பிப்பு வந்தபின், சான் ஆண்ட்ரியாஸில் ஸ்கிம்மர் எங்கும் தென்படவில்லை. வலிந்து வரவழைத்தால், ஏறியவனோடு ஆகாயத்தில் எண்ணிக்கைக்கு எட்டாத உயரத்துக்குப் பாய்ந்தது. எல்லாரும் மைக்ரோசாஃப்டையே குறை கூறினார்கள். சைலண்ட் நிதானமாகத் துருவிப் பார்த்து, 2025-இல் காரணத்தைக் கண்டறிந்தார். வாகனங்களின் விவரம் வரிவரியாக எழுதிய கோப்பில், ஸ்கிம்மரின் வரியில் மட்டும் சக்கர அளவு விடுபட்டிருந்தது. வைஸ் சிட்டியில் அது படகாகக் கணக்கிடப்பட்டிருந்ததால் அங்கே சக்கரம் வேண்டியதில்லை. விடுபட்ட இடத்தில், முந்தைய வாகனத்துக்காகப் படித்த அளவு நினைவகத்தில் எஞ்சிக் கிடந்ததை எடுத்துக்கொண்டு, இருபது ஆண்டுகளாக ஆட்டம் சமாளித்து வந்தது. புதிய விண்டோஸ் அந்த நினைவக இடத்தைத் தன் வேலைக்குச் சட்டப்படி உபயோகித்துக்கொண்டவுடன், எச்சம் மாறிற்று, விமானம் பறந்தது. விடுபட்ட எண்களை அந்த வரியில் சேர்த்தால் குறை தீர்ந்தது.

இத்தகைய உழைப்பாளிகளுள் பலருக்குச் சம்பளம் இல்லை. உரிமையாளர்கள் பழைய பதிப்புகளைக் கடையிலிருந்து அகற்றிவிட்டு, 2021 நவம்பரில் இந்த இரண்டையும் சேர்த்து மூன்று ஆட்டங்களைப் புதுப்பித்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். புதியதில் பிழைகள் மலிந்திருக்கக் கண்டு விளையாடுகிறவர்கள் கொதித்தெழ, மன்னிப்புக் கேட்டுப் பழையவற்றைத் திரும்பவும் கொடுத்தார்கள். அந்தப் பழையவை இன்று செம்மையாக ஓடுவது இந்த அன்பர்களின் பரோபகாரத்தினால்தான்.

ஆனால் அவர்கள் எழுதிய குறிப்புகளைப் படிக்க ஆங்கிலம் வேண்டும். அது இல்லாத பிள்ளை, யாரோ எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக் கொடுத்ததைப் பென் டிரைவில் வாங்கி, எந்தக் கோப்பு யாருடையது, எந்தப் பதிப்பு, வைரஸ் உண்டா என்று அறியாமல் திறக்கிறான். பள்ளிக்கூடக் கணினி ஆசிரியர்களோ, சர்வீஸ் கடைக்காரர்களோ இப்படி நான்கு பக்கம் தமிழில் எழுதினால் போதும்: முதலில் ஆட்டத்தின் ஃபோல்டரை முழுவதும் காப்பி எடுத்துத் தனியே வை, தூசியைத் தட்டு, உன் சில்லின் பெயரைப் பார்த்து அதற்கு எந்தப் பாஷை தெரியும் என்று தெரிந்துகொள், ஒரு நேரத்தில் ஒரு ஃபிக்ஸை மட்டும், எழுதியவரின் பக்கத்திலிருந்தே எடுத்துப் போட்டு, ஓட்டிப் பார்த்து, எந்தக் கோப்பை எங்கே வைத்தாய் என்று நோட்டில் எழுதிய பிறகே அடுத்ததைத் தொடு.