ஜப்பானிய மொழி: தமிழருக்கு எது சுலபம், எது சிக்கல்?
மறைமலை நகரிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு கோமாட்சு, யமஹா பெயர்ப் பலகைகள் பழக்கம். வேலைக்குக் கைகொடுக்கும் என்று ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கினால், வாக்கிய அமைப்பு பயமுறுத்தாது. ‘மிஸு’ என்றால் தண்ணீர். ‘மிஸு ஓ நோமிமாஸ்’, தண்ணீரைக் குடிக்கிறேன். அந்த ‘ஓ’தான் நம்ம ‘ஐ’. ‘சென்னை நி இகிமாஸ்’, சென்னைக்குப் போறேன். கடைசியில் ‘கா’ சேர்த்தால் ‘போறீங்களா?’. நான், அவன், அவர்கள் என்று ஆள் மாறினாலும் வினைச்சொல் மாறாது. தமிழைவிடச் சுலபம்!

சிக்கல் எழுத்தில்தான். தமிழில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தால் சாவியும் கடல் சிப்பியும் ஒரே ‘ககி’ ஆகிவிடும். ஹிரகானாவிலோ ‘க’ ஒலியை மென்மையாக்க ஓரத்தில் இரண்டு சின்னக் கோடுகள் உண்டு. முதலில் அந்த 46 எழுத்துகளைப் பழகிவிடுங்க. ஜேஎல்பிடி தேர்வின் தொடக்க நிலையான என்5-லேயே ஜப்பானிய எழுத்தில்தான் வாசிக்க வேண்டும்.