கதவு வலுவூட்டல்
கதவு வலுவூட்டல் என்பது வெளிவாசல் கதவை உதைத்தோ நெம்பியோ எளிதில் திறந்துவிடாதபடி கதவையும் நிலையையும் உறுதிப்படுத்துவதாகும். வட அமெரிக்க மரச்சட்ட வீடுகளில் உதை விழும்போது பெரும்பாலும் பூட்டுக்கு முன்பே நிலை பிளந்துவிடுகிறது. பூட்டின் நாக்கு நுழையும் தகட்டை, மெல்லிய நிலைப்பலகையோடு ஓர் அங்குலத்துக்கும் குறைவான திருகாணிகளே பல வீடுகளில் பிடித்திருக்கும். அந்நிலையில் விலையுயர்ந்த பூட்டு வாங்கியும் பயன் குறைவே. 3 அங்குலத் திருகாணிகள் பலகையைக் கடந்து சுவரின் மரச்சட்டத்தைப் பற்றுவதால், உதையின் விசையைச் சுவர் தாங்குகிறது. கீல்களுக்கும் இதே முறை பொருந்தும். பிரித்தானியாவில் நிலையின் உட்புறம் நெடுக 'லண்டன் பட்டை' எனப்படும் எஃகுப் பட்டையைப் பொருத்துவதுண்டு. வெளிநோக்கித் திறக்கும் கதவுகளில் கீலின் ஊசி வெளியே தெரியும் என்பதால், ஊசியை உருவ முடியாத கீல்கள் தேவை. உட்புறமும் சாவி கேட்கும் பூட்டு, தீ விபத்தின்போது வீட்டாரையே அடைத்துவைத்துவிடும்.