கண்டி ஏரித் தீவும் உழைப்பின் வரலாறும்

கண்டி மாநகரின் ஏரி நடுவே சிறியதொரு தீவு உண்டு. தியதிலக மண்டபம் என்பது அதன் பெயர். அரசகுலப் பெண்டிர் அங்கு நீராடினர் என்றும், அரண்மனையிலிருந்து அதற்குச் சுரங்கவழி இருந்தது என்றும் கதைகள் வழங்குகின்றன. அரசனின் உல்லாசத்தைப் பேசும் இக்கதைகளில் ஏரியை ஆக்கிய உழைப்பாளிகளுக்கு இடமில்லை.

பாற்கடல் எனப் போற்றப்பட்ட இவ்வேரி இயற்கையானதன்று. நெல்வயல்களாயிருந்த நிலத்தில், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அதனை அமைக்கத் தொடங்கினான். நிலத்தையும் சாதியையும் அடிப்படையாகக் கொண்ட இராசகாரியம் என்னும் ஊழியமுறையே அதற்கான உழைப்பை வழங்கிற்று. இக்கட்டாய உழைப்பு அரசன்மீது வெறுப்பை வளர்த்தது. அவ்வெறுப்பின் வேர் நிலமானிய உறவுகளில் இருந்ததேயன்றி, அவன் நாயக்கர் வழியினன் என்பதில் இருக்கவில்லை.

ஆயின், ஆங்கிலேயர் அதற்கு இனச்சாயம் பூசினர். 1815 மார்ச் 2ஆம் நாள் செய்யப்பட்ட கண்டி ஒப்பந்தம், 'மலபார்' இனத்தாரின் அரசுரிமையை ஒழித்தது. அரசனின் ஆண் உறவினரை நாட்டினின்றும் விலக்கியது. வேலூரில் சிறைவைக்கப்பட்ட அரசன் 1832இல் அங்கேயே இறந்தான். தீவோ ஆங்கிலேயரின் வெடிமருந்துக் களஞ்சியமாயிற்று.

இராசகாரியத்தைக் கொடுமையெனக் கண்டித்த ஆட்சியே, ஆளுநர் பாண்ஸ் காலத்தில், அதே ஊழியத்தைக் கொண்டு மலைநாட்டுக்கு வீதி சமைத்தது. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. எனினும் சொந்த நிலத்தில் வேரூன்றியிருந்த கண்டிய விவசாயி தோட்டக் கூலியாக விரும்பவில்லை. எனவே வறுமையும் கடனும் வாட்டிய தமிழகக் கிராமத்தவர் கங்காணிமார் மூலம் திரட்டப்பட்டனர். 'மலபார்' அரசனை வெளியேற்றியவர்களே இவர்களை 'மலபார்க் கூலிகள்' எனப் பதிவுசெய்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒரே சொல் ஆட்சிக்கு விலக்காகவும் சுரண்டலுக்கு அழைப்பாகவும் அமைந்தது.

கோப்பி அழிந்து தேயிலை வந்தது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் மலைகளைப் பசுமையாக்கிய அம்மக்களுட் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டனர். அவர்தம் உழைப்பு இந்நாட்டுக்கு உரியதாயிற்று, அவர்களோ அந்நியராயினர். இழந்த உரிமையை மீட்க நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

ஏரியை ஆக்கிய கண்டிய விவசாயியும் தோட்டத்தை ஆக்கிய தமிழ்த் தொழிலாளியும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். அவர்களைப் பகைவராகக் காட்டும் வரலாறு ஆள்வோருக்கே பயன்படுவது. தீவினைக் காண்போர் மன்னனின் கதையோடு இவ்வுண்மையையும் அறிதல் வேண்டும்.