விண்வெளிக்கும் போன சின்ன கித்தார்!

2013-ம் ஆண்டு மே மாதம், ஒரு பாட்டைக் கேட்டு உலகமே வியந்தது!

பாடியவர் சினிமாப் பாடகர் அல்ல. அவர் ஒரு விண்வெளி வீரர். பெயர் கிறிஸ் ஹாட்பீல்டு. கனடா நாட்டுக்காரர்.

பூமிக்கு மேல் சுமார் 400 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில், மிதந்துகொண்டே அவர் கித்தார் வாசித்தார். அது சிறிய கித்தார். இடத்தை அடைக்காது.

ரெயிலிலும் பஸ்சிலும் போகிறவர்களுக்கும் இதே கவலைதான். பெரிய கித்தாரை எங்கே வைப்பது? அவர்களுக்காகவே "பயண கித்தார்" விற்கிறது.

பெரிய கித்தாரில் தந்தியின் நீளம் சுமார் 25½ அங்குலம். பயண கித்தாரில் பெரும்பாலும் சுமார் 23 அங்குலம், அல்லது அதற்கும் குறைவு. சிறுவர்களின் விரலுக்கு எட்டும். கனத்த ஒலி மட்டும் சற்றுக் குறையும்.

சின்னது என்று இளக்காரம் வேண்டாம். இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் மேடையில் வாசித்துப் புகழ் பெற்றதும் சின்ன கித்தார்தான்!

குற்றம் யாருடையது?

மலிவான கித்தாரில் ஓர் ஆபத்து உண்டு. பிள்ளை ஆசையோடு பழகும். விரல் புண்ணாகும். சுருதி சேராது. "எனக்குச் சங்கீதம் வராது" என்று கித்தாரை மூலையில் வைத்துவிடும்.

உண்மையில் குற்றம் பிள்ளையிடம் இல்லை. கருவியில் இருக்கிறது! பணம் போனால் சம்பாதிக்கலாம். பிள்ளையின் ஆசை போனால் திரும்புமா? ஆகவே, கடையிலேயே சோதித்துவிடுங்கள்.

ஐந்து சோதனைகள்

1. கித்தாரின் கழுத்தை ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். முறுக்கிக்கொண்டு இருந்தால் வேண்டாம்.

2. 12-வது மெட்டில், தந்திக்கும் மெட்டுக்கும் இடைவெளி 2 அல்லது 3 மில்லி மீட்டர் போதும். அதிகம் இருந்தால் விரல் வலிக்கும்.

3. தந்தியை அழுத்தாமல் மீட்டுங்கள். அதை "ஸ" என்று வைத்துக்கொள்ளுங்கள். 12-வது மெட்டில் அழுத்தி மீட்டினால் மேல் "ஸ" சரியாக வரவேண்டும். வராவிட்டால் புதுத் தந்தி மாட்டிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் அந்தக் கித்தாரை விட்டுவிடுங்கள்.

4. கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டுங்கள். மெட்டின் முனை கீறக் கூடாது.

5. சுருதி கூட்டும் திருகுகள் சீராகச் சுற்ற வேண்டும். சுருதி கூட்டியபின் வழுக்கக் கூடாது.

எந்த மரம்? எந்தத் தந்தி?

ஒரே பலகையில் செய்த கித்தாருக்கு நாதம் அதிகம். ஆனால் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வெடிக்கும். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு ஒட்டுப்பலகையே நல்லது.

புதிதாகக் கற்பவர்களுக்கு நைலான் தந்தி விரலை அதிகம் உறுத்தாது. நைலானுக்கென்று செய்த கித்தாரில் எஃகுத் தந்தி மாட்டாதீர்கள். இழுவை தாங்காமல் தந்தி கட்டும் கட்டை பெயர்ந்துவிடும்.

வெயிலில் பூட்டிய காருக்குள்ளும் கித்தாரை வைக்காதீர்கள். சூட்டில் பசை இளகும். பஞ்சு வைத்த உறையும் சேர்த்தே வாங்குங்கள்.

ஒரே விலையில் இரண்டு கித்தார் இருக்கிறதா? பளபளப்பைப் பார்க்காதீர்கள். மூன்றாவது சோதனையில் தேறியதை வாங்குங்கள்!